பெட்டிஸ் சட்டம்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில், மோகனராஜ் சேரின் பேச்சு ஆங்கில வகுப்பு நடக்கிறது. அங்கே ஒரு சட்டம் உண்டு. நாட்டில் இருக்கிற மற்றச் சட்டங்களை எவர் மதிக்கிறாரோ இல்லையோ, இந்தச் சட்டத்துக்கு எல்லாருக்கும் பயம். பக்கத்தில் இருப்பவர் தன்னைப் பற்றி எதைச் சொன்னாலும் 'நானும் தான்' என்று ஆங்கிலத்தில் ஒத்துப்போக வேண்டும். 'இல்லை, நான் அப்படி இல்லை' என்று வாய் தவறிச் சொன்னால் போச்சு. அடுத்த வகுப்புக்கு எல்லாருக்கும், உள்ளே கறி வைத்துப் பொரித்த பெட்டிஸ் வாங்கி வர வேண்டும், அதுவும் சூடாக.

சேர் வேண்டுமென்றே கொண்டுவந்த சட்டம் அது. அதற்கு முன்னால் வகுப்பில் ஒருவர் "ஐ லைக் கிரிக்கெட்" என்பார். மற்றவர் "நோ" என்பார். அத்தோடு பேச்சு செத்துவிடும். இரண்டு பேரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சேர் ஒரு நாள் வெடித்துவிட்டார்.

"தமிழ்ல நானும்தான், எனக்கும்தான்னு சொல்லி எவ்வளவு சுலபமா ஒட்டிக்கிறோம்! இங்கிலீஷ்ல மட்டும் ஏன்யா வெட்டிக்கிறீங்க? அவர் டூ போட்டா நீங்களும் டூ போடுங்க. அவர் ஹேவ் போட்டா நீங்களும் ஹேவ் போடுங்க. ஸோ டூ ஐ, ஸோ ஹேவ் ஐ. அவர் இல்லேன்னு சொன்னா நீதர் டூ ஐ. ஒண்ணுமே வரலேன்னா மீ டூன்னு சொல்லித் தப்பிச்சிக்கிங்க. நோ சொன்னா பெட்டிஸ்!"

அன்றோடு அந்த வகுப்பில் உண்மை என்கிற பொருள் தலைமறைவாகிவிட்டது. ஓய்வுபெற்ற தபால்காரர் ராஜலிங்கம் "எனக்கு மூன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்வார். மீசை இப்போதுதான் அரும்புகிற முச்சக்கரவண்டிச் சதீஸ் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "ஸோ ஹேவ் ஐ" என்பான். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். சேருக்கு அதில் கொள்ளை மகிழ்ச்சி.

இந்தச் சட்டத்தில் வகையாக மாட்டிக்கொண்டவள் நஸ்லியா.

அக்குறணையில் மக்கீனின் பாத்திரக் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. நஸ்லியா அவருடைய மகள். கொழும்புக் கம்பனிக்காரர்கள் கடைக்குத் தொலைபேசி எடுத்து ஆங்கிலத்தில் படபடவென்று பொரிந்தால், மக்கீன் போனை மகளிடம் நீட்டிவிட்டுச் சட்டிபானை அடுக்கப் போய்விடுவார். அந்தக் கரைச்சல் தாங்காமல்தான் அவள் செவ்வாயும் வியாழனும் பஸ் ஏறிக் கண்டிக்குப் படிக்க வந்தாள். வந்த இடத்தில் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார வைக்கப்பட்டவன் ஸமீம்.

ஸமீம் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன். நாள் முழுக்க மற்றவர்களிடம் 'இந்த எழுத்துத் தெரியுதா, அந்த எழுத்துத் தெரியுதா' என்று கேட்டுக் கேட்டு, தன்னைப் பற்றிப் பேசவே மறந்துபோன பிள்ளை. யாராவது பெயரைக் கேட்டாலே காது இரண்டும் சிவந்துவிடும். அந்தக் காதுகள் சிவப்பதைப் பார்ப்பதற்கென்றே நஸ்லியா ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை. வீட்டில் கேட்டால் ஆங்கில ஆர்வம் என்பாள். ஆர்வம்தான், யார் இல்லை என்றது?

ஒரு வியாழக்கிழமை சேர் "தொடங்குங்க" என்றதும் ஸமீம் மேசையைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் தொடங்கினான்.

"நான் ஒவ்வொரு ஞாயிறும் ஹந்தானை மலைக்கு ஏறுவேன்."

"ஸோ டூ ஐ," என்றாள் நஸ்லியா. வீட்டு மொட்டைமாடிக்கு உடுப்புக் காயப்போட ஏறுவதற்கே அவளை மூன்று தரம் கூப்பிட வேண்டும்.

"நான் தேநீருக்குச் சீனி போடுவதில்லை."

"நீதர் டூ ஐ." மூன்று கரண்டி போடுவாள். கலக்கியபின் கோப்பையின் அடியில் மிஞ்சுவதையும் விரலால் வழித்து நக்குவாள்.

"நான் டீவி சீரியல் பார்ப்பதில்லை."

"நீதர் டூ ஐ." அட பாவி, அன்று இரவு கதாநாயகிக்கு நினைவு திரும்புமா இல்லையா என்று காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தவள் அவள்.

"நான் தினமும் காலையில் பாவற்காய் ஜூஸ் குடிப்பேன்."

"ஸோ டூ ஐ!"

பாவற்காய் வதங்குகிற மணம் வந்தாலே பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவள் இப்படிச் சொன்னாள். அவள் இருந்த மயக்கத்தில், நான் காலையில் ஒரு கொம்பன் யானையை விழுங்குகிறேன் என்று அவன் சொல்லியிருந்தாலும், நானும் தான், தும்பிக்கையோடு சேர்த்து என்று சொல்லியிருப்பாள்.

கடைசியாக ஸமீம் கொஞ்சம் நிறுத்தினான். காது, கழுத்து எல்லாம் சிவந்தது. "ஐ லைக் ட்யூஸ்டேஸ் அன்ட் தர்ஸ்டேஸ்," என்றான். எனக்குச் செவ்வாயும் வியாழனும் பிடிக்கும்.

நஸ்லியாவும் மேசையைப் பார்த்தாள். "ஸோ டூ ஐ," என்றாள். அது யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமா! சேருக்குக் கேக்கணும்!" என்று மோகனராஜ் கத்தினார். பின் வரிசை வாங்கில் இருந்த ஸமீமின் தங்கை ஷிபானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நஸ்லியா இன்னொரு தரம் சொன்னாள், இந்த முறை கீழே சப்பாத்துக் கடைக்கே கேட்டிருக்கும்.

அந்த ஷிபானாதான் நெருப்பு வைத்தவள். அடுத்த நாள் மாலை நஸ்லியாவின் உம்மா கைரியா ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கையெல்லாம் மா. "ஸ்பீக்கர்ல போடு மகள்," என்றார். நஸ்லியா போட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்! நான் ஹபீலா பேசுறன். கண்டில ஈக்கிற. இங்கிலீஷ் கிளாஸுக்கு வாற ஸமீம்ட உம்மா!"

குரல் என்றால் குரல், ஒலிபெருக்கியே தேவைப்பட்டிருக்காது. கைரியா சலாத்துக்குப் பதில் சொல்வதற்குள் ஹபீலா விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"எங்கட மகனுக்குத் தன்னப் பத்திப் பேச வெக்கம். கிளாஸ்ல சேர் கேட்டா என்னப் பத்தித் தான் செல்லுவானாம். ஹந்தானைக்கு ஏறுறது நான். சீனி போடாதது நான். சீரியல் பாக்காதது நான். பாவக்கா சாறு குடிக்கிறது நான். எல்லாத்துக்கும் ஒங்கட மகள் நானும் தான், நானும் தான் எண்டு சென்னயாம்! ஷிபானா வந்து செல்லச் செல்ல எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. மகனுக்கு எத்தனையோ புள்ளைகளப் பாத்த. ஒருத்தி தேத்தண்ணிக்குச் சீனிய அள்ளி அள்ளிப் போடுற. இன்னொருத்திக்கு நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. ஒண்டும் சரி வரல்ல. இப்ப அல்லாஹ் என்னப் போலவே ஒரு புள்ளயக் காட்டித் தந்தீக்கி. ஞாயித்துக்கிழம வாறம், இன்ஷா அல்லாஹ்!"

அழைப்பு நின்றது. கைரியா மா அப்பிய கையோடு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹந்தானைக்கு ஏறுறது ஆரு?"

"நான் தான் உம்மா."

"நீயா? மொட்டமாடிக்கு ஏறச் சென்னா முழங்கால் நோகுது எண்டு செல்ற நீயா? பாவக்கா சாறு குடிக்கிறதும் நீ தானா? யா அல்லாஹ், ஏன் மகள் இப்படிப் பொய் சென்ன?"

"பெட்டிஸ் வாங்கிக் குடுக்கணும் உம்மா, அது தான்."

"வாப்பாகிட்டச் சென்னா ஒரு பேக்கரியே வாங்கித் தருவாரே!"

நஸ்லியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று கண் நிறைந்துவிட்டது. "உம்மா, எனக்கு அவர விருப்பம்," என்றாள். "மிச்சம் விருப்பம். இப்ப நான் பொய்க்காரி எண்டு தெரிஞ்சா அவங்க வர மாட்டாங்க. தெரியாட்டி நான் மௌத்தாகுற வரைக்கும் பாவக்கா குடிக்கணும்."

கைரியா மறுபடியும் மாவைக் குழைக்கத் தொடங்கினார். "ஞாயித்துக்கிழம ஒரு நாள் நடிச்சிடு. நிகாஹ் முடியட்டும், மத்தத அப்புறம் பாத்துக்குவம்," என்றார். தாய்மாரின் இந்த 'அப்புறம் பாத்துக்குவம்' என்கிற வார்த்தையை நம்பித்தான் உலகத்தில் பாதிக் கல்யாணம் நடக்கிறது.

சனிக்கிழமை விடியற்காலையில் நஸ்லியா நடிப்புக்கு ஒத்திகை பார்க்கக் கிளம்பினாள். துணைக்கு நிரோஷா. வகுப்பில் கூடப் படிக்கிறவள், பன்விலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போது கண்டியில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்பவள். மேடு என்றால் அவளுக்குச் சமதரை மாதிரி. ஹந்தானை வீதியில் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் போனாள். நஸ்லியா பின்னால் ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்தாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்டி?"

"இன்னும் மலையே ஆரம்பிக்கல, இது ரோட்டு," என்றாள் நிரோஷா.

புல்வெளிக்குள் கால் வைத்தது தான் தாமதம், நஸ்லியா வீறிட்டாள். கணுக்காலில் ஒரு அட்டை, குட்டையாகத் தடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வட்டம் போட்டுக் குதித்த குதியில் மரத்தில் இருந்த குரங்குகள் எல்லாம் கிளையைவிட்டுக் கிளை தாவின. நிரோஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"அட்டைக்குக்கூட ஒன்னய புடிச்சிருக்கு பாரு நஸ்லி! மாமியாருக்குப் புடிக்காமலா போயிரும்?"

"சிரிக்காதடி, பிச்சுப் போடு!"

அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு நிரோஷா அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பேசாம உண்மைய சொல்லிரு," என்றாள். "நாளைக்கு ஒரு நாளு நடிச்சிருவ. அதுக்கு அடுத்த ஞாயிறு? அதுக்கு அடுத்த ஞாயிறு? ஒவ்வொரு வாரமும் அட்டைக்கு ரத்தம் குடுக்கவா கல்யாணம் கட்டுற?"

"சென்னா போய்டுவாங்கடி."

"போனா போறாங்க."

"அப்படிச் செல்லாத," என்றாள் நஸ்லியா. அவள் குரலில் இருந்ததைக் கேட்டு நிரோஷா அதற்குமேல் கேலி பேசவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து பாவற்காய்ச் சாற்றுக்கும் ஒத்திகை பார்த்தாள். ஒரு தேக்கரண்டிதான். நாக்கில் பட்டதும் கண், மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியாக அழுதன. கொல்லைப்புறத்துக்கு ஓடியவள் அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கைரியா நெய்ச்சோறு, கோழிக்கறி, வட்டலப்பம் என்று சமையலறையை அதிர வைத்தார். சீனிப் போத்தலை அலுமாரியின் மேல்தட்டில் ஒளித்தார். வரவேற்பறையில் இருந்த பெரிய டீவியை என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில், வாசலில் இருந்த ஆள் உயர அந்தூரியச் சட்டியை மக்கீனை இழுக்க வைத்து டீவிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "எங்கட வீடு காடு மாதிரி ஈக்கி," என்றார் மக்கீன். அவருக்கு இந்த நாடகத்தில் பாதிகூடப் புரியவில்லை. புரிந்த பாதியையும் அவர் நம்பவில்லை.

அவர்கள் வீடு கடைக்கு மேலே, செங்குத்தான படிகளில் ஏறி வர வேண்டும். ஹபீலா முதலாவது ஆளாக ஏறி வந்தார். கறுப்பு அபாயாவுக்குக் கீழே வெள்ளை நடைச் சப்பாத்து பளிச்சென்று தெரிந்தது. மூச்சு ஒரு பொட்டு வாங்கவில்லை. அவருக்குப் பின்னால் கணவர் உவைஸ் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து வந்தார். அதற்குப் பின்னால் ஷிபானா. எல்லாருக்கும் கடைசியில் காது சிவக்க ஸமீம்.

"மாஷா அல்லாஹ், இதா புள்ள!" என்று ஹபீலா நஸ்லியாவைக் கட்டிப்பிடித்த பிடியில் அவளுக்கு எலும்பு நொறுங்கியது. அந்த மனிசி உண்மையாகவே நல்ல மனிசி. அதுதான் நஸ்லியாவை இன்னும் வதைத்தது. கெட்ட மனிசியாக இருந்திருந்தால் பொய்யைக் கூசாமல் தொடர்ந்திருப்பாள்.

சீனி இல்லாத பிளேன்டித் தேநீர் வந்தது. நஸ்லியா ஒரு மிடறு குடித்துவிட்டுப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையைக் கட்டி நிறுத்த அவளுக்குப் பத்து விரல்களும் தேவைப்பட்டன. ஷிபானா அதைப் பார்த்துக் கள்ளச் சிரிப்புச் சிரித்தாள்.

அடுத்ததாக வாய் இனிக்க வைப்பது. பெண் பார்க்க வந்தால், பிடித்திருந்தால், மாப்பிள்ளையின் உம்மா பெண்ணின் வாயில் தன் கையால் இனிப்பு வைப்பார். வைத்துவிட்டால் காரியம் முடிந்தது, தேதி குறிப்பது மட்டும்தான் பாக்கி. கைரியா வட்டலப்பத் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஹபீலா அதைத் தள்ளி வைத்தார்.

"இனிப்பெல்லாம் மத்தவங்களுக்கு," என்றார். "நானும் என்ட மருமகளும் வேற மாதிரி." கைப்பையைத் திறந்து ஒரு பெரிய பிளாஸ்கை எடுத்தார். "விடிய சுபஹுக்கு எழும்பி என்ட கையால அடிச்ச சாறு. எல்லாரும் குடிக்கலாம், வாங்க!"

கிளாசுகளில் பச்சையாகச் சாறு இறங்கியது.

மக்கீன் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். உவைஸ் கண்ணை மூடிக்கொண்டு, பழகிப்போன ஆள் மாதிரி, மூன்று மிடறில் இறக்கினார். ஷிபானா வயிற்று வலி என்று கையை விரித்தாள். ஸமீம் கிளாஸை எடுத்தான். நஸ்லியா அவனைப் பார்த்தாள்.

அவன் முதல் மிடறை விழுங்கியபோது தொண்டை மேலேயும் கீழேயும் போய் வந்தது. கண்ணோரத்தில் தண்ணீர் கட்டியது. கிளாஸ் காலியானதும் அவன் உம்மாவைப் பார்த்து, "நல்லா ஈக்கி உம்மா," என்றான். மெதுவாக, பழக்கமாக, பல வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரலில்.

அந்த ஒரு சொல்லில் நஸ்லியாவுக்குத் தன்னுடைய மிச்ச ஆயுள் முழுக்கத் தெரிந்தது. ஒரே வீட்டில், ஒரே மேசையில், இரண்டு பேரும் கண்ணீரோடு குடித்துவிட்டு நல்லா ஈக்கி, நல்லா ஈக்கி என்று ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டே இருக்கப் போகிறார்கள்.

"மகள், குடிங்க," என்றார் ஹபீலா. கிளாஸ் அவள் உதட்டருகே வந்துவிட்டது.

"எனக்கு ஏலா மாமி," என்றாள் நஸ்லியா.

கைரியா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனத்த ஏலா?"

"எனக்குப் பாவக்கா சாறு விருப்பமில்ல. நேத்து ஒரு கரண்டி குடிச்சிட்டு ஓங்காளிச்ச. நான் கிளாஸ்ல சென்னது பொய் மாமி. பெட்டிஸ் வாங்கிக் குடுக்கணும் எண்டு பயத்துல சென்னது. என்ன மன்னிச்சிடுங்க. நீங்க இவ்வளவு ஆசையா வந்தீக்கீங்க, ஒங்ககிட்ட இன்னும் பொய் செல்ல எனக்கு மனசு வரல்ல."

"பெட்டிஸ்!" என்று ஷிபானா நஸ்லியாவைக் காட்டிக் கத்தினாள். "ராத்தா நோ சென்ன! பெட்டிஸ்!"

"வாய மூடு," என்றார் ஹபீலா. அந்த நேரத்தில் யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எனக்கும் தான்," என்றான் ஸமீம்.

"ஒனக்கும் தான் எனத்த?"

"எனக்கும் தான் விருப்பமில்ல உம்மா. சின்னதுல இருந்தே."

ஹபீலா வாயைத் திறந்தார். ஆனால் அதற்குள் உவைஸ் தொண்டையைச் செருமினார். கட்டிய பெண்சாதியைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அந்தூரியத்தைப் பார்த்துக்கொண்டு, "நானும் தான்," என்றார்.

"நீங்களுமா!"

"நீ விருப்பம் எண்டு சென்னதால தான் நான் குடிச்ச."

ஹபீலா எழுந்தார். பிளாஸ்கைக் கையில் எடுத்தார். எல்லாம் முடிந்தது என்று நஸ்லியா நினைத்தாள். அந்த வெள்ளைச் சப்பாத்து படியில் இறங்கிப் போகும், அதற்குப் பின்னால் சிவந்த காது இரண்டும் போகும், செவ்வாயும் வியாழனும் இனி மற்ற நாட்களைப் போல வெறும் நாட்களாகிவிடும். அழக்கூடாது, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஹபீலா வாசலுக்குப் போகவில்லை. நேராக அந்தூரியச் சட்டிக்குப் போனார். பிளாஸ்கைக் கவிழ்த்தார். பச்சைச் சாறு குபுகுபுவென்று மண்ணுக்குள் இறங்கியது. கடைசிச் சொட்டையும் உதறிவிட்டுத் திரும்பினார்.

"எனக்கும் தான்!" என்றார்.

"எனத்த?" என்று உவைஸ் எழுந்தே விட்டார்.

"கலியாணம் முடிச்ச புதுசில நீங்க ஒரு கிளாஸ்ல கொண்டாந்து தந்து, ஒடம்புக்கு நல்லம், நான் குடிக்கிற, ஒனக்கும் விருப்பம் தானே எண்டு கேட்டீங்க. புது மாப்புளட மொகத்தப் பாத்து இல்ல எண்டு செல்ல ஏலுமா? ஓ எண்டு சென்ன. அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் சுபஹுக்கு எழும்பி அந்தக் கசப்ப அடிக்கிற! ஒங்களுக்கு விருப்பம் எண்டு தான் அடிக்கிற!"

"நான் ஒனக்கு விருப்பம் எண்டு தான் குடிக்கிற!"

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். முதலில் உவைஸின் வயிறு குலுங்கியது. பிறகு ஹபீலா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒலிபெருக்கிச் சிரிப்பு. கைரியா முந்தானையால் வாயைப் பொத்தினார். ஸமீம் சிரித்ததை நஸ்லியா அன்றுதான் முழுதாகப் பார்த்தாள், பல்லெல்லாம் தெரிய.

"ஐயோ, ஏன் ஊத்தினீங்க?" என்று மக்கீன் மட்டும் மனம் நொந்துபோய்க் காலிப் பிளாஸ்கை எட்டிப் பார்த்தார். "எனக்கு நல்ல விருப்பமா ஈந்திச்சே. இன்னொரு கிளாஸ் கேக்க வெக்கப்பட்டுக்கொண்டு ஈந்த."

"பெட்டிஸ்!" என்று ஷிபானா துள்ளிக் குதித்தாள். "மாமா எல்லாரோடயும் ஒத்துப்போகல்ல! மாமா தான் பெட்டிஸ்!"

"வாங்கித் தாறன், வாங்கித் தாறன்," என்றார் மக்கீன். எதற்கு என்று அவருக்கு அப்போதும் தெரியாது.

சிரிப்பு அடங்கியபோது ஹபீலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கண்ணில் சட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த டீவி பட்டது. இலைகளை விலக்கிப் பார்த்துவிட்டு நஸ்லியாவிடம் திரும்பினார்.

"சீரியல்?"

"ஒவ்வொரு நாளும் பாக்கிற மாமி."

"சீனி?"

"மூணு கரண்டி."

"ஹந்தானை?"

"நேத்துத் தான் மொதல் தரம் போன. அட்டை கடிச்சுது. அப்படியே திரும்பிட்டம்."

"அப்ப சென்னதுல ஒண்டு கூட உண்மையில்லயா?"

நஸ்லியா தரையைப் பார்த்தாள். ஸமீமைப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள். "ஒண்டு ஈக்கி மாமி," என்றாள். "கடைசியா அவர் எனக்குச் செவ்வாயும் வியாழனும் விருப்பம் எண்டு சென்ன. நானும் தான் எண்டு சென்ன. அது உண்மை."

ஹபீலா மகனைத் திரும்பிப் பார்த்தார். "செவ்வாயும் வியாழனும் நானில்லயே," என்றார் மெதுவாக. "எனக்கு அண்டைக்கெல்லாம் ஒண்டும் இல்லயே. அது ஆருட விருப்பம்?"

"என்ட," என்றான் ஸமீம். காது இரண்டும் செந்நிறமாகக் கனன்றன.

ஹபீலா, தள்ளி வைத்த வட்டலப்பத் தட்டை இழுத்தார். ஒரு கரண்டி அள்ளி நஸ்லியாவின் கன்னத்தைப் பிடித்தார்.

"என்ட வீட்டுல இவ்வளவு காலமா ஒருத்தரும் எனக்கு இல்ல எண்டு சென்னதில்ல மகள்," என்றார். "சென்னீந்தா எல்லாரும் எப்பவோ பிழச்சீப்பம். ஹந்தானைக்கு நான் தனியாப் போய்க்கிறன். நீங்க வீட்டுல ஈந்து சீரியல் பாத்துட்டு எனக்குக் கதையச் செல்லுங்க." கரண்டியை அவள் வாயில் வைத்தார். கருப்பட்டி இனிப்பு நாக்கில் கரைந்தபோது நஸ்லியா உண்மையாகவே அழுதுவிட்டாள். கைரியாவும் அழுதார். மக்கீன் ஒன்றும் புரியாமல் எல்லாருக்கும் வட்டலப்பம் பரிமாறத் தொடங்கினார்.

"எனக்குப் புள்ளய மிச்சம் விருப்பம்," என்றார் ஹபீலா மகனிடம். "நீ எனத்த செல்ற?"

ஸமீம் உதட்டை அசைத்தான். யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமா நானா!" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினாள் ஷிபானா. "சேருக்குக் கேக்கணும்!"

"மீ டூ!" என்றான் ஸமீம். கீழே கடையில் சட்டி பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி திடுக்கிட்டு மேலே பார்த்தார்.